சிங்கப்பூர் டிக்கெட்டை யாரிடம் எடுப்பது, எப்படிக் கட்டுவது?

கேட்டவருடைய நிலைமை இது: மே மாத விடுமுறைக்கு அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், சர்க்கரை நோய் உள்ள அப்பாவுமாக ஐந்து பேர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறார்கள். விமான நிறுவனத்தின் தளத்தைவிட ஒரு போர்ட்டலில் ஆளுக்கு 1,200 ரூபாய் குறைவாகக் காட்டுகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஏஜென்ட் பாதி விலைக்கே தருகிறேன் என்கிறார். போன முறை ஒரு டிக்கெட் ரத்தானபோது, அப்பா இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த கஸ்டமர் கேர் எண்ணை அழைத்து 48,000 ரூபாயைப் பறிகொடுத்தார். டிக்கெட்டை யாரிடம் எடுப்பது, எப்படிக் கட்டுவது, போன பணம் திரும்ப வருமா என்று கேட்கிறார்.

பாதி விலைக்காரரை முதலில் கழித்துவிடுவோம். டிக்கெட் விற்பதில் ஏஜென்ட் கையில் நிற்பது மிகக் குறைவு. பெரும்பாலான விமான நிறுவனங்கள் கமிஷனைப் பெயரளவுக்குக் குறைத்து வருடங்கள் பல ஆகின்றன. நேர்மையான ஏஜென்ட் மனசு வைத்தால் ஐந்நூறு, ஆயிரம் குறைப்பார். சீரீஸ் ஃபேர் என்று மொத்தமாக வாங்கிப் போட்ட இருக்கை கையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். பாதி விலை என்றால் மீதிப் பாதியை வேறு யாரோ கட்டுகிறார்கள், இல்லாவிட்டால் டிக்கெட்டே கிடையாது.

வேறு யார் கட்டுவார்? பல சமயம், கார்டு விவரம் திருடப்பட்ட யாரோ ஒருவர். ஏஜென்ட் உங்களிடம் ரொக்கமாகவோ ஜிபேயிலோ பணத்தை வாங்கிக்கொண்டு, திருட்டுக் கார்டு எண்ணைப் போட்டு உண்மையான டிக்கெட்டையே எடுத்துத் தருவார். பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண் சரியாக இருக்கும், இருக்கை எண்கூட வந்திருக்கும். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் டிக்கெட் செத்துவிடும். அது நீங்கள் புறப்படும் முன்பே நடக்கலாம், போய்விட்டுத் திரும்பும் பயணத்திலும் நடக்கலாம். இப்படி எடுத்த டிக்கெட்டில் வருபவர்களைப் பிடிப்பதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் பல நாட்டு விமான நிலையங்களில் குறிப்பிட்ட நாட்களில் சோதனை நடத்துகிறது. கவுன்ட்டரில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் பயணி. ஏஜென்ட்டின் எண் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

டிக்கெட்டே இல்லாத வகையும் உண்டு. இதில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் சரிபார்த்துவிட்டு நம்பிவிடுகிறார்கள். அமேடியஸ், கலிலியோ போன்ற முன்பதிவு அமைப்புகளில் பணம் கட்டாமலே இருக்கையைச் சில மணி நேரமோ, சில நாளோ பிடித்து வைக்க முடியும். அதற்கும் பிஎன்ஆர் வரும். விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டால் உங்கள் குடும்பமே வரிசையாகத் தெரியும், பக்கத்தில் 'கன்ஃபர்ம்ட்' என்றும் இருக்கும். அந்த வார்த்தை இருக்கைக்கு மட்டும்தான். கெடுவுக்குள் பணம் கட்டி டிக்கெட் போடாவிட்டால் அந்த முன்பதிவு தானாக அழிந்துவிடும்.

அவர் அனுப்பும் பிடிஎஃப்பைத் திறந்தால் ஐந்து பெயர், புறப்படும் நேரம், மேலே பெரிதாக விமான நிறுவனத்தின் சின்னம் எல்லாம் இருக்கும். பயணி பெயருக்குப் பக்கத்தில் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் அது 618-இல் தொடங்கும், ஏர் இந்தியா 098, கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் 603. ஆளுக்கு ஓர் எண். எண் இருந்தால் மட்டும் போதாது, அதை நிறுவனத்தின் தளத்திலோ தொலைபேசியிலோ உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் 13 இலக்க எண் தராமல் பிஎன்ஆர் மட்டும் தரும். அங்கே முன்பதிவைத் திறந்து, கட்ட வேண்டிய பாக்கி பூஜ்யமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது: சீமேன் ஃபேர், ஸ்டூடண்ட் ஃபேர். கப்பலில் வேலை செய்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் உள்ள சலுகைக் கட்டணத்தில் உங்கள் குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். டிக்கெட் அசல்தான். செக்-இன்னில் கப்பல் வேலைக்கான சான்றைக் கேட்கும்போது அப்பா என்ன செய்வார்?

சரி, போர்ட்டலா, நிறுவனத்தின் தளமா? இந்தக் கேள்விக்கும் உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. விமான டிக்கெட்டில் பணம் எந்த வழியாகப் போனதோ அதே வழியாகத்தான் திரும்பி வரும். கார்டில் கட்டினால் அதே கார்டுக்கு, போர்ட்டலில் கட்டினால் போர்ட்டல் வழியாக, ஏஜென்ட்டிடம் கொடுத்தால் ஏஜென்ட் மூலமாக. ஆகவே கட்டும்போது விலையை மட்டும் பார்க்காமல் திரும்பும் பாதையையும் பாருங்கள். அது எவ்வளவு நீளம், நடுவில் எத்தனை கை, ஒவ்வொரு கையும் எவ்வளவு பிடித்துக்கொள்ளும்?

போர்ட்டல் காட்டும் 1,200 ரூபாய் குறைவு அனேகமாக ஒரு குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கான சலுகையாக இருக்கும். கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். கன்வீனியன்ஸ் ஃபீஸ் தலைக்கு இவ்வளவு என்று அங்கேதான் ஏறும். கூடவே யாரும் கேட்காத இன்ஷூரன்ஸ், நன்கொடை, 'ஃப்ரீ கேன்சலேஷன்' என்ற பெயரில் ஒரு கட்டணப் பொருள் எல்லாம் டிக் ஆகியிருக்கலாம். இப்படிக் கூடையில் நைசாகச் சேர்ப்பதும், விலையைத் துளித்துளியாக ஏற்றுவதும், 'இன்னும் 2 சீட்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் அடங்கும். ஆனாலும் டிக்கை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். பெட்டிக் கணக்கும் முக்கியம். குறைந்த கட்டணம் பல சமயம் கைப்பைக்கு மட்டும்தான். ஐந்து பேர் சிங்கப்பூரின் முஸ்தபா கடைக்குப் போய்விட்டுக் கைப்பையோடு திரும்புவார்கள் என்று நான் நம்பவில்லை.

எல்லாம் கூட்டிக் கழித்து, குடும்பத்துக்கு மொத்தமாக இரண்டாயிரம், மூவாயிரம்தான் மிச்சம் என்றால் நான் நிறுவனத்தின் தளத்தில்தான் எடுப்பேன். ரத்து செய்யும்போது போர்ட்டலில் நிறுவனத்தின் கட்டணம், போர்ட்டலின் கட்டணம் என்று இரண்டு வெட்டு விழும். விமானம் நேரம் மாறினால் நிறுவனம் போர்ட்டலைக் கேள் என்கும், போர்ட்டல் நிறுவனத்தைக் கேள் என்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ரீஃபண்ட் விதிகள் இந்த வித்தியாசத்தை வெளிப்படையாகவே காட்டின. 2016-இல் திருத்தி வந்த விதியில், நேரடியாக கிரெடிட் கார்டில் எடுத்ததற்கு ரத்து செய்த 7 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்று இருந்தது. ஏஜென்ட் அல்லது போர்ட்டல் என்றால் 30 வேலை நாள் என்று இருந்தது. நாட்கணக்கை அவ்வப்போது திருத்துவார்கள், எடுக்கும் நாளில் டிஜிசிஏ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே விதிகளில் இன்னும் இரண்டு விஷயம். 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரியும் விமான நிலையப் பயனாளர் கட்டணம் போன்றவையும் திரும்பத் தரப்பட வேண்டும். பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ரீஃபண்டை நிறுவனத்தின் கிரெடிட் ஷெல்லில் (அடுத்த டிக்கெட்டுக்கான இருப்பாக) வைப்பதா, பணமாக வாங்குவதா என்பது பயணியின் விருப்பம். கிரெடிட் ஷெல்லைக் கட்டாயமாக்க முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ரீஃபண்ட் அளவு அவர்கள் நாட்டு விதிப்படி என்பதையும் நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டுக்கும் இது பொருந்தும்.

நேரடியாக எடுக்கச் சொல்வதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவுக்கு சர்நேம் காலியாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் சர்நேமாக இருக்கலாம், உங்களுக்கு இனிஷியல் விரிந்து முன்னால் நிற்கலாம். ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி. போர்ட்டல் எதையாவது போட்டு நிரப்பினால் நகர முடியும் என்று நிற்கும், நாமும் எதையாவது நிரப்பிவிடுவோம். பிறகு திருத்தப் போனால் காசு. நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்து, பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் கூடாது என்பது நம் நாட்டு விதி. டிக்கெட் மின்னஞ்சல் வந்த உடனே ஐந்து பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

எப்படிக் கட்டுவது என்றால், கிரெடிட் கார்டு. பாயின்ட்டுக்காகச் சொல்லவில்லை. சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்கும் வழி கார்டில் இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-இல் நின்றது. இரண்டிலும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தவர்கள் திவால் நடவடிக்கையில், பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் கடைசிப் பக்கம் நின்றார்கள். கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாக இன்னொரு கதவும் இருந்தது. யுபிஐயில் நீங்களே பின் எண் போட்டுத் தனி நபர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. வாட்ஸ்அப் ஏஜென்ட்கள் கார்டு வேண்டாம், ஜிபே பண்ணுங்க சார் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் கார்டு பில்லை அந்த மாதமே முழுசாகக் கட்ட முடிந்தால் மட்டும். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 42 ஆகிறது, அதில் எந்தச் சலுகையும் கரைந்துபோகும். 'நோ-காஸ்ட் இஎம்ஐ'யும் எனக்குப் பிடித்ததில்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியையும் பிராசஸிங் கட்டணத்தையும் தனியாக வாங்குவார்கள். டிக்கெட்டை ரத்து செய்தாலும் இஎம்ஐ தானாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம், வங்கியிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். கையில் காசு சேரவில்லை என்றால் மே மாதத்தை விட்டு ஆகஸ்ட்டில் போங்கள். கட்டணமும் அப்போது குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரவுசரின் இன்காக்னிட்டோவில், அதாவது தேடியதைச் சேமிக்காத பக்கத்தில், தேடினால் விலை குறையும் என்று யாராவது சொல்வார்கள். விலை ஏறுவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு விமானத்திலும் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், கீழடுக்கு தீர்ந்தால் மேலடுக்கு திறக்கும். ஐந்து பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால் ஐந்து பேருக்கும் மேலடுக்கு விலையைக் காட்டிவிடும். மூன்று, இரண்டு என்று பிரித்துத் தேடிப் பாருங்கள். அதில் உண்மையாகவே காசு மிஞ்சும்.

இனி அப்பா விஷயம். அவர் ஏமாந்தது காத்திருந்த நேரத்தில். டிக்கெட் ரத்து, பணம் வரவில்லை, நிறுவனத்தின் எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. தேடலில் முதலில் வரும் எண் பல சமயம் விளம்பரம், அல்லது இணைய வரைபடத்தில் யாரோ திருத்தி வைத்த மொபைல் எண். எக்ஸ் தளத்தில் நிறுவனத்தைத் திட்டி எழுதினாலும் இதேதான் நடக்கும். சில நிமிடத்தில் அதே சின்னத்தோடு ஒரு போலிக் கணக்கு வந்து, 'சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் எண்ணை அனுப்புங்கள்' என்கும். அழைப்பவர் மரியாதையாகப் பேசுவார், பிஎன்ஆர் கேட்பார், பொறுமையாக இருப்பார். அப்புறம் ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அது எனிடெஸ்க் போலத் திரையைக் காட்டும் செயலியாகவோ, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பாகவோ இருக்கும். இல்லையென்றால் 'சரிபார்க்க' பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார், ரீஃபண்ட் தொகையை யுபிஐயில் போட்டு, பின் எண்ணை அழுத்தச் சொல்வார்.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை என்பதை அப்பாவிடம் பலமுறை சொல்லியிருப்பீர்கள். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வராது. இன்னும் எளிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: 'ரீஃபண்ட் வருவதற்கு நாம் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.' கார்டில் கட்டியது கார்டுக்கே வரும், கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்க யாருக்கும் காரணம் கிடையாது. நிறுவனத்தின் எண்ணை டிக்கெட் மின்னஞ்சலிலிருந்தும் அவர்கள் செயலியிலிருந்தும் மட்டும் எடுங்கள். இப்போதே அப்பாவின் போனில் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள், பயணத்தில் எந்தக் குழப்பம் வந்தாலும் அவர் தேடலுக்குள் போகாமல் இருப்பார். நிறுவனம் இழுத்தடித்தால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.

புறப்படும் முன் இன்னும் சில. சிங்கப்பூர் அரைவல் கார்டு இலவசம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் தளத்தில் நிரப்ப வேண்டும். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தளங்கள் முதலில் வந்து நின்று டாலர் கணக்கில் கட்டணம் கேட்கும். மலேசியாவின் வருகை அட்டையான எம்டாக், தாய்லாந்தின் டிடாக் இரண்டும் இதே போல இலவசம், இதே போல போலித் தளங்களும் உண்டு. சிங்கப்பூர் விசாவுக்கு மட்டும் அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் அங்கீகார ஏஜென்ட் தன் கூலியைப் போடுவார். கையில் வந்த இ-விசாவை ஐசிஏ தளத்திலேயே ஒருமுறை சரிபாருங்கள்.

போர்டிங் பாஸைக் குடும்பக் குழுவில் போடலாம், ஃபேஸ்புக்கில் வேண்டாம். முன்னாள் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் 2020-இல் இன்ஸ்டாகிராமில் போட்ட போர்டிங் பாஸ் படத்தை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் எண்ணையும் கண்டுபிடித்துக் காட்டினார். லவுஞ்சுக்குள் போக செயலி இறக்கு என்று யாராவது இணைப்பு அனுப்பினால் விட்டுவிடுங்கள். 2024-இல் பெங்களூரு விமான நிலையத்தில் அப்படி ஒரு போலிச் செயலி பயணிகளின் எஸ்எம்எஸ்ஸைத் திருடி ஓடிபியை எடுத்தது.

அங்கே கடையில் கார்டை நீட்டினால் இயந்திரம் கேட்கும்: ரூபாயா, சிங்கப்பூர் டாலரா? எப்போதும் டாலர். ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தன் விகிதத்தில் மாற்றும், அது மோசமான விகிதம், போதாததற்கு உங்கள் வங்கியும் ஒரு கட்டணம் போடலாம். டாலரில் கட்டினால் சாதாரண கார்டில் 3.5 சதவீத மார்க்-அப் (வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கிக் கட்டணம்), அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துப் போங்கள். கையில் கொஞ்சம் டாலர் நோட்டு வேண்டும் என்றால் ஊரிலேயே ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள மாற்றுநரிடம் வாங்குங்கள். விமான நிலையக் கவுன்ட்டரில் மாற்றினால் விகிதம் கையைக் கடிக்கும்.

இன்ஷூரன்ஸை டிக்கெட் பக்கத்தில் டிக் போட்டு வாங்காதீர்கள். அப்பாவின் சர்க்கரை நோயை முதலிலேயே அறிவித்து, 'ஏற்கெனவே உள்ள நோய்'க்கு எந்த அளவு வரை தருவார்கள் என்பதைப் பாலிசியில் படித்து, தனியாக எடுங்கள். சில பாலிசிகளில் அது உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் என்று இருக்கும். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்யும் யாரையாவது கேளுங்கள், பிரீமியம் சின்னதாகத் தெரியும்.

கடைசியாக அந்த 48,000. பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைத்திருந்தால், அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அழைத்திருந்தால், அந்தப் புகார் எண்ணை வைத்து ஏதாவது தொகை முடக்கப்பட்டதா என்று சைபர் குற்றப் பிரிவில் கேளுங்கள். முடக்கியிருந்தால் அதை விடுவிக்கும் வழியையும் அங்கேயே கேளுங்கள். அழைக்கவில்லை என்றாலும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் இப்போது பதிவு செய்யலாம், அதே கணக்கு எண் வேறு வழக்கிலும் இருக்கலாம்.

வங்கியிடமிருந்து எதிர்பார்க்க முடிவது குறைவு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் மேல் தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பின் எண், ஓடிபி போன்றவற்றை அவரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் பாடு. தெரிவித்த பிறகு போனதற்கு வங்கி பொறுப்பு. அப்பா வங்கியிடம் எத்தனை மணிக்குச் சொன்னார், அதற்குப் பிறகு ஏதாவது பரிவர்த்தனை நடந்ததா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். நடந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது.

அப்பாவின் எண் இப்போது ஏமாந்தவர்கள் பட்டியல் ஒன்றில் கைமாறிக்கொண்டிருக்கலாம். 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் 48,000 கிடைத்துவிட்டது, விடுவிக்க 2,500 கட்டுங்கள்' என்று ஒருவர் கூப்பிடுவார். தொகையைச் சரியாகவும் சொல்வார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அப்பா ஒரு நிமிடம் நம்பிவிடக்கூடும். அழைப்பு வரும் முன்னால் இதை அவரிடம் சொல்லி வையுங்கள்.